பதினான்காம் எண் தோட்டம்

எங்கள் ஊர் ஹேசல்கோமில் ஜூன் மாதத்து இரண்டாவது சனி ஞாயிறு வந்தால், நல்ல தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வாசற்கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள். சர்ச்சில் ஜன்னலுக்கு ஜன்னல் பூ அலங்காரம் இருக்கும். ஊர் மண்டபத்தில் டீ, எலுமிச்சை கேக், ஜாம் தடவிய ஸ்கோன். வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள் கையில் ஒரு வரைபடம். அதில் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்கள். எந்த வாசலில் மஞ்சள் பலகையில் எண் தொங்குகிறதோ அந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்து ரோஜாவை முகர்ந்து பார்க்கலாம். மிச்ச முந்நூற்று அறுபத்து மூன்று நாளும் அதே ஆள் அதே மாதிரி நுழைந்தால் போலீஸ் வரும்.

எண் தொங்காத வீடுகளில் எங்கள் வீடு ஒன்று. எங்கள் தோட்டத்தில் ஒரு கிழிந்த டிராம்போலினும் அம்மா சிகரெட் அணைக்கிற பூந்தொட்டியும் இருந்தன, அதனால் எங்களுக்கு வருத்தமில்லை. பக்கத்து வீட்டுக்கும் எண் கிடையாது. அது வில்ஃப் டாப்ஸ்காட்டின் வீடு. அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு வயது ஆகவேண்டியிருந்தது.

வில்ஃப் முப்பத்து நான்கு வருஷம் சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினார். அதற்கு முன்னால் பால் பண்ணையில் இருந்தார். நெட்டை உருவம், கல்லறைக் கற்களுக்கு நடுவே குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் அரை வார்த்தையில் முடித்துக்கொள்வார். அவர் மனைவி பாலின், நான் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே, கேரவன் விற்கிற ஒருத்தரோடு போய்விட்டாள். மகள் லொரெய்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இதைப் பற்றி வில்ஃப் சொன்னது மொத்தமே ஒரு வரிதான்: "அவ மேல தப்பில்ல கண்ணு. என் பூட்ஸ் அப்படி நாறும்."

சர்ச்சுப் பூவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். திருவிழா முடிந்த மறுசெவ்வாய்க்கிழமை கமிட்டிப் பெண்கள் வந்து அலங்காரங்களைப் பிரிப்பார்கள். பூச்செருகும் பச்சை நுரைக் கட்டி, வாடிய ரோஜா, ஐவிக் கொடி, இலை, தண்டு எல்லாம் சர்ச்சுக்குப் பின்னால் குப்பைமேட்டுக்குப் போகும். கல்யாணப் பூ, சாவுப் பூ, ஈஸ்டர் பூ, எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த மேடுதான். சாயங்காலம் வில்ஃப் தள்ளுவண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். எருவுக்கு என்று ஊரே நினைத்திருந்தது. அவரோ வீட்டுக்குப் போய், ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, உயிர் இருக்கிறதை மணலில் குத்தி வைப்பார். பத்தில் ஒன்று வேர் பிடிக்கும். அப்படிப் பிடித்ததை எல்லாம் பழைய குளியல் தொட்டி, ஓட்டை வாளி, பால் பண்ணைத் தகரக் கேன் என்று கிடைத்ததில் நட்டு வைத்தார். தயிர் டப்பாவை வெட்டி, பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ரோஜாச் சீட்டில் ரோஜா என்று இருக்காது. "டவுனிங் வீட்டுக் கல்யாணம், 1994. மழை" என்று இருக்கும்.

நான் ஒன்பது வயதில் சுவரேறிக் குதித்து ஏழு சீட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தன. அவர் எங்கள் வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் அந்த ஜூன் சனிக்கிழமை வில்ஃப் ஒரு காரியம் செய்வார். தேய்த்த சட்டை போட்டுக்கொள்வார். தோட்டக் கதவுக்கு உள்பக்கம் இரண்டு நாற்காலி போடுவார். ஒன்றில் உட்கார்ந்து, தெருவில் போகிற கூட்டத்தின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். உயரமான வேலி என்பதால் அவர் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் மாடி ஜன்னலிலிருந்து தெரியும். குழாயில் பட்டாணி போட்டு ஊதுவேன். சரியாகத் தொப்பியில் படும். நிமிர்ந்து பார்க்காமலே, "மழ வருது போலருக்கே," என்பார்.

இப்போது நினைத்தால் அந்தப் பட்டாணி ஒவ்வொன்றையும் திரும்பப் பொறுக்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்குப் பதினாறு நடந்த வருஷம், பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், வீட்டில் சும்மா இருந்தேன். திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சுவரில் உட்கார்ந்திருந்தபோது, வில்ஃப் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஸ்விண்டன். லொரெய்ன் வீட்டுக்கு. வர்ற வியாழக்கிழம."

"எத்தன நாளைக்கு?"

"இருக்கற நாளைக்கு."

அவருக்கு இடுப்பு போய்விட்டது, புல் வெட்டுகிற வேலையை வசந்தகாலத்திலேயே விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"அங்க தோட்டம் இருக்கா?"

"மூணாவது மாடி, கண்ணு."

"அப்ப இந்தச் செடியெல்லாம்?"

"வீட்டுக்காரரு ஜல்லி கொட்டி, கார் நிறுத்த எடம் பண்ணப் போறாராம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "நீங்க போயி மிஸஸ் பிளைத்தக் கேளுங்க. கடைசி வருசம், ஒரு நம்பர் குடுங்கன்னு."

"கேட்டாச்சு."

"எப்ப?"

"ரெண்டாயிரத்து மூணுல."

"அது நான் பொறந்த வருசம்!"

"அப்ப உனக்கு ஞாபகம் இருக்காது," என்றார் வில்ஃப்.

பிறகு சொன்னார். கமிட்டித் தலைவி மிஸஸ் பிளைத், இன்னும் இரண்டு பெண்களோடு பார்வையிட வந்தாளாம். குளியல் தொட்டியைப் பார்த்தாளாம், வாளிகளைப் பார்த்தாளாம், புல்வெளி எங்கே என்று தேடினாளாம். கடைசியில், "ரொம்ப சுவாரசியமா இருக்கு, மிஸ்டர் டாப்ஸ்காட்," என்றாளாம். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம், அருமை என்றால் யோசிக்கலாம். சுவாரசியமாக இருக்கிறது என்றுவிட்டால் அவ்வளவுதான், மூட்டையைக் கட்டவேண்டியதுதான். யாரும் குனிந்து ஒரு சீட்டைக்கூடப் படிக்கவில்லை.

"ஒரு தடவ யாராவது வந்து பாத்தாப் போதும்னு இருந்துச்சு," என்றார். "பரவால்ல. எனக்குத் தெரியும்ல, என்ன இருக்குன்னு."

அத்தோடு அவர் கோப்பையைச் சுற்றப் போய்விட்டார்.

பலகை விஷயத்தில் எனக்கு முன்னனுபவம் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் எட்டாம் எண் அம்புக்குறியைத் திருப்பி வைத்து, நாற்பது பேரை லவ்லாக்கின் கோழிக்கூட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஒருத்தர்கூட 'இது தோட்டமா' என்று கேட்கவில்லை. வரிசையாக நின்று கோழிகளைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அமைதியான இடம் என்று சொல்லிப் போனார்கள். ஒரு அம்மா நன்றி சொல்லிக் கடிதம்கூடப் போட்டாள். எங்கள் சனங்கள் அப்படி. அம்பு காட்டினால் போவார்கள். போன இடத்தில் எது இருந்தாலும் பாராட்டிவிட்டு வருவார்கள். அதற்கப்புறம் கமிட்டி கூடி, மஞ்சள் பலகைக்குப் பத்தடிக்குள் கீலி ஸ்ப்ராட் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் கீலி நான்தான்.

தீர்மானத்தை நான் மீறவில்லை. அவர்கள் பலகை எதையும் தொடவில்லை. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்து, 14 என்று எழுதி, சனிக்கிழமை காலை வில்ஃப் டீ போடுகிற நேரம் பார்த்து அவர் கதவில் மாட்டினேன். தெரு முனையில் ஒரு அம்புக்குறி. அப்புறம் மாடிக்கு ஓடிவிட்டேன்.

பத்தேகாலுக்கு முதல் ஜோடி வந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி மழைக்கோட்டு.

"பதினாலாம் நம்பர் தோட்டம் இதுதானுங்களே?"

வில்ஃப் பலகையைப் பார்த்தார். எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "இதுதான் போலருக்கு."

அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். நாலு நிமிஷம். போகும்போது அந்தம்மா சொன்னது ஜன்னலில் எனக்கே கேட்டது: "ரொம்ப சுவாரசியமா இருக்குங்க."

அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்து வந்த மனிதர் குளியல் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல இரும்பு என்றார். வெளியூர்க்காரர்களுக்கு டவுனிங் யார், அன்று மழை பெய்தால் என்ன? ஒவ்வொரு கூட்டமும் போன பிறகு வில்ஃப் அந்த இரண்டாவது நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து வைத்தார். யாரும் அதில் உட்காரவில்லை. பதினாறு வருஷம் முன்னால் ஒரே ஒருமுறை கேட்ட வார்த்தையை நான் ஒரே காலையில் ஆறு முறை கேட்கவைத்துவிட்டேன். பதினொன்றரைக்கு அவர் எழுந்து வந்து பலகையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் படியிறங்கி ஓடினேன், மன்னிப்புக் கேட்கவா, தடுக்கவா என்று தெரியாமலே.

அப்போதுதான் தபால் கடை ஹிலரி சைக்கிளில் வந்து கால் ஊன்றினாள். சர்ச்சில், திமிங்கிலம் விழுங்கிய பைபிள் யோனாவின் பூ ஜன்னலைக் காவல் காத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீலப் பூவால் திமிங்கிலம் கட்டியிருந்தார்கள், பார்க்கிறவர்கள் எல்லாம் காலுறையா என்று கேட்டார்களாம், அந்தக் கடுப்பில் இருந்தாள்.

"பதினாலா? பதிமூணுதானே இருந்துச்சு? ஏய் கீலி, என்னடி பண்ணி வெச்ச?"

"உள்ள போயிப் பாருங்க," என்றேன். "குனிஞ்சு பாருங்க."

"எனக்கு இடுப்பு வலி."

"அவருக்கும்தான்."

முறைத்துக்கொண்டே போனாள். மூலையில் அவளைவிட உயரமாக ஒரு வெள்ளைப் பூப்புதர் மணத்துக்கொண்டு நின்றது. அடியில் தயிர் டப்பாச் சீட்டு. ஹிலரி குனிந்து வாய்விட்டுப் படித்தாள்.

"ஹிலரி கல்யாணம். மே, 1991. நல்ல வெயில்."

இன்னொரு தடவை, இந்த முறை வாய்க்குள்ளேயே படித்தாள்.

"வில்ஃப், இது என் பூச்செண்டுல இருந்ததா?"

"பீடத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்ததுங்க."

"அந்தக் கல்யாணமே பதினோரு மாசந்தான் நெலச்சுது!"

"இது நெலச்சிருச்சுங்க," என்றார் வில்ஃப், தப்புச் செய்தவர் மாதிரி.

ஹிலரி சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆனது, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சீட்டைப் படித்தாள். அதற்கடுத்ததை. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மறந்து ஊருக்குள் போனாள். ஹிலரியிடம் ஒரு சேதி போனால் தந்தி தேவையில்லை.

ஒரு மணிக்கு வரிசை தெரு முனை தாண்டிவிட்டது. இந்த முறை எல்லோரும் உள்ளூர். நாலு நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போகிற பார்வை இல்லை. ஆளாளுக்குக் குனிந்து, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து எதையோ தேடினார்கள். "எங்கம்மா எங்க?" "எங்க தம்பி கல்யாணம் கெடச்சுதா?" "இல்ல, ஆனா உன் மூத்த பிள்ளையோட ஞானஸ்நானம் இருக்கு, உரத் தொட்டிக்குப் பின்னால." கோழிக்கூட்டு லவ்லாக்கும் வந்தார். அவருடைய அப்பாவின் அடக்கத்துக்கு வைத்த செவ்வந்தி ஒரு பால் கேனில் இருந்தது.

"எங்கப்பாவுக்குச் செவ்வந்தியே ஆகாது, வில்ஃப்."

"தெரியும். அதான் ஒதுக்குப்புறமா வெச்சேன்."

லவ்லாக் தலையாட்டினார். செடிக்குக் கட்டியிருந்த குச்சி சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, அங்கேயே ரொம்ப நேரம் நின்றார்.

எங்கள் சுவரோரம் இருந்த ஐவிக் கொடியில் ஒரு சீட்டு இருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் கொடி எங்கள் பக்கம் வந்தால் பிய்த்து எறிகிறதோடு சரி. "கீலி, ஞானஸ்நானம். ரொம்பக் கத்தினாள்." நான் அதைப் படித்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு மிஸஸ் பிளைத் வந்தாள். அவளுடைய தோட்டம் ஒன்பதாம் எண். அங்கே ஒரு ஆள் இல்லை. கையில் அட்டை, அட்டையில் பேனா. வரிசை தானாக வழிவிட்டது. எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

"இந்த நம்பர் யார் குடுத்தது, மிஸ்டர் டாப்ஸ்காட்?"

"தெரியாதுங்க. காலைல பாத்தேன், இருந்துச்சு."

அவள் கண் என் பக்கம் திரும்பியது. "நீ ஏன் அவ்வளவு தள்ளி நிக்கற?"

"மஞ்சப் பலகைலேர்ந்து பத்தடி, மிஸஸ் பிளைத். உங்க தீர்மானம்."

வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் பலகையைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். வில்ஃபும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆனால் அவள் உள்ளே போனாள். முதல் வரிசையிலிருந்து சீட்டுச் சீட்டாகப் படித்துக்கொண்டே போனாள், சோதனை போடுகிற மாதிரி. பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவளும் தேடுகிறாள். அவள் லண்டனிலிருந்து வந்து குடியேறியவள். கல்யாணம் அங்கே, கணவருடைய அடக்கமும் அங்கே. இந்தச் சர்ச்சில் அவள் பேரில் ஒரு பூ விழுந்ததில்லை. கடைசித் தொட்டி வரைக்கும் போய் நின்றாள்.

வில்ஃப் பக்கத்தில் போனார்.

"உங்க பேருல எதுவும் இல்லீங்க."

"நான் ஒண்ணும் தேடல."

"சரிங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆனா இந்த வரிச பூரா நீங்க செருகி வெச்சதுதான். அந்த வரிசயும் பாதிக்கு மேல. மத்தவங்க கத்தரில நசுக்கிருவாங்க, அழுகிப் போயிரும். நீங்க மட்டுந்தான் கணுவுக்குக் கீழ, சாய்ச்சு வெட்டுவீங்க. உங்க தண்டுதான் வேர் விடும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி ஊரே கேட்டதில்லை.

மிஸஸ் பிளைத் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "அந்தப் பச்சை நுரைலேர்ந்து எடுத்ததா இதெல்லாம்?"

"ஆமாங்க."

"செவ்வாய்க்கிழமையோட எல்லாம் செத்துப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அப்படியே திரும்பி வந்து, யாரும் உட்காராத அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ இருக்குமா என்று கேட்டாள். வில்ஃப் உள்ளே ஓடினார், அதாவது அந்த இடுப்போடு ஓட முடிந்த அளவு. அவள் வரிசையைப் பார்த்து, எட்டாம் வகுப்பு டீச்சர் குரலில், "ஒரே நேரத்துல எட்டுப் பேருக்கு மேல வேண்டாம். கீலி, கதவுல நில்லு, எண்ணி விடு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்தடியெல்லாம் இன்னிக்கு இல்ல," என்றாள்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. வியாழக்கிழமை லொரெய்னின் கார் வந்தது, வில்ஃப் போனார். அதற்குள் ஆட்கள் வாளியும் தள்ளுவண்டியுமாக வந்து அவரவர் செடியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் வரவில்லை. ஹிலரி தன் புதரைப் பெயர்த்து நட்டாள். அது பிழைக்கவில்லை, இந்த முறை தன் தப்பு என்று சொல்லிக்கொண்டாள். ஆள் வராததை மிஸஸ் பிளைத் எடுத்துக்கொண்டாள். இப்போது அங்கே ஜல்லியும் இரண்டு காரும் இருக்கின்றன. சுவரோரத்து ஐவி மட்டும் எங்கள் பக்கம் வேர்விட்டுவிட்டது. அம்மா வெட்டச் சொல்கிறாள், நான் கத்தரியைக் காணோம் என்கிறேன். வில்ஃப் ஸ்விண்டனில் பால்கனியில் ஏதோ குத்தி வைத்திருக்கிறாராம், லொரெய்ன் சொன்னாள்.

ஆனால் ஜூன் வந்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். இரண்டு நாளும் கூட்டம். அவர் குரல் கட்டிப்போயிருந்தது, தேய்த்த சட்டை முழுக்கத் தேநீர்க் கறை. மணி ஐந்து அடித்தது. திருவிழாவின் சட்டம் அது, ஐந்தானால் எல்லா வாசலும் மூடவேண்டும். சர்ச்சு மணி ஓய்ந்ததும் வில்ஃப் எழுந்து, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டார். சரியாக அப்போது ஒரு குடும்பம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தது. அப்பா, அம்மா, தள்ளுவண்டியில் ஒரு குழந்தை.

"மூடிட்டீங்களா? பதினாலாம் நம்பர்தான் பாக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க."

வில்ஃப் நிமிர்ந்தார். நிமிர முடிகிற அளவுக்கு மேலேயே நிமிர்ந்தார். மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களும் வருஷா வருஷம் சொல்வதை, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் எத்தனை முறை கேட்டிருப்பாரோ, அப்படியே சொன்னார்.

"மன்னிக்கணுங்க. தோட்டம் அஞ்சு மணியோட மூடியாச்சு."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நான் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள்.

அவர்களை ஒரு இருபது அடி போகவிட்டார். பிறகு கொண்டியை எடுத்தார்.

"இந்தாங்க, வாங்க வாங்க. குழந்தைய நிழல்ல விடுங்க. கீலி கண்ணு, இன்னொரு தடவ டீக்குக் கெட்டில வை."